குரல் அழைப்புகள் வழக்கம்போல் இயங்கும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று வந்த கோபத்தில் பிரஸ்ஸில் மூன்று கல்யாணப் பத்திரிகைகளைப் பிழையில்லாமல் அடித்து முடித்தேன். கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும்.

இணையத்தை யார் ஆள்வது, எப்படி ஆள்வது என்று பேசுவதற்கு வருஷா வருஷம் ஓர் உலக மாநாடு நடக்கிறதாம். அரசாங்கங்கள், கம்பெனிகள், எங்களைப் போன்ற சங்கங்கள் எல்லாம் ஒரே மேஜையில் உட்காருமாம். இந்த வருஷம் ஐரோப்பாவில். யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேர வொர்க்‌ஷாப் நடத்த விண்ணப்பிக்கலாம், அவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சென்னையில் இருக்கிற காது கேளாதோர் சங்கத்தில் இருந்து அறிவிப்பை அனுப்பியிருந்தார்கள். போன வருஷப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இணையத்தை நிறுத்தி வைப்பது பற்றி மட்டும் ஏகப்பட்ட கூட்டங்கள். ஒன்றில்கூடக் காது கேளாதவர் ஒருவரும் இல்லை.

அக்டோபரில் எங்கள் மணல்கோட்டையில் தேர் போகிற பாதையில் தகராறு வந்து, ஒரு வாரம் இணைய வேகத்தைக் குறைத்தார்கள். குறுஞ்செய்தியும் கிடையாது. 'பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம், குரல் அழைப்புகள் வழக்கம்போல் இயங்கும்' என்று ஓர் அறிக்கை வந்தது. எனக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் காது போனது. என் வீட்டுக்காரர் அருமைநாயகத்துக்குப் பிறவியிலேயே கேட்காது. எங்கள் சங்கத்தில் நூற்றுச் சொச்சம் பேர். எங்களுக்குப் பேச்சு என்றால் கை. தூரத்தில் இருக்கிறவரிடம் பேச வேண்டுமென்றால் வீடியோ. எங்களை ஊமை என்று சொல்கிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. அந்த ஒரு வாரம்தான் நாங்கள் நிஜமாகவே ஊமையாக இருந்தோம்.

விண்ணப்பத்தில் முதல் கேள்வி, வொர்க்‌ஷாப்பின் தலைப்பு. யோசிக்கவே இல்லை. 'குரல் அழைப்புகள் வழக்கம்போல் இயங்கும்' என்று போட்டேன்.

பிப்ரவரி 12

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதால் தங்கலீலாவை வரச் சொன்னேன். என் தங்கை, மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில டீச்சர். அவளுக்குக் காது கேட்கும், எங்கள் வீட்டிலேயே வளர்ந்ததால் சைகையும் நன்றாக வரும். கையால் பேசும்போது அவளுக்கு வாயும் சேர்ந்து அசையும். அவள் சொல்வதை இங்கே எழுதும்போது எட்டு வயது வரை என் காதில் விழுந்த ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த குரல் அதுதான்.

தலைப்பைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். "யக்கா, இது குத்திக் காட்டுத மாதிரில்லா இருக்கு. கொஞ்சம் பதமா வையேன்."

குத்தத்தான் வைத்தேன் என்றேன்.

பிப்ரவரி 15

அருமையைக் கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வலது கையில் சுட்டு விரலும் நடு விரலும் இன்னும் மடங்கவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எப்படி அடிபட்டது என்று சீட்டில் எழுதிக் கேட்டாள். பைக்கில் இருந்து விழுந்தார் என்று எழுதிக் கொடுத்தேன்.

வரும் வழியில் சாளை மீன் வாங்கினேன். நல்ல கொழுப்பு.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒரு வொர்க்‌ஷாப்புக்கு ஐந்து பேச்சாளர்கள் வேண்டுமாம். ஒரே நாட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது, ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். ஆள்தான் இல்லை. சென்னைச் சங்கத்துக்காரர் நைரோபியில் இருக்கிற வாஞ்சிரு என்ற பெண்ணின் எண்ணைக் கொடுத்தார். அவளுக்கும் கேட்காது.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினேன். அவள் சைகை வேறு, என் சைகை வேறு. 'அம்மா' என்பதற்கே அவள் ஒன்று காட்டினாள், நான் ஒன்று காட்டினேன், இருவரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் அரை மணி நேரத்தில் அவள் ஊரில் தேர்தல் சமயத்தில் இணையத்தை வெட்டியது வரைக்கும் வந்துவிட்டோம். இரண்டு கேட்கிறவர்கள் இவ்வளவு தூரத்தில் இருந்து, ஒரு பொதுவான வார்த்தைகூட இல்லாமல், இப்படிப் பேசிவிடுவார்களா? பெருமையாகத்தான் இருந்தது, எழுதினால் என்ன தப்பு.

அருமை கதவோரம் நின்று பார்த்தார். படத்துக்குள் வா என்று கூப்பிட்டேன். தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார்.

முன்பெல்லாம் சங்கத்தில் அருமை கதை சொன்னால் டீக்கடைக்காரர்கூட அடுப்பை மறந்து நிற்பார். பஸ் கண்டக்டர் சில்லறை தேடுவதை, வாத்து ரோட்டைக் கடப்பதை இரண்டு கையால் அப்படியே நடத்திக் காட்டுவார். இப்போது வலது கை சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறது. பைக்கில் இருந்து விழுந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம்.

மார்ச் 2, ஞாயிறு

சங்கக் கூட்டம். நான்கு பேச்சாளர்கள் ஆகிவிட்டது. அந்த அக்டோபர் வாரத்தைப் பற்றிப் பேச மணல்கோட்டைக்காரர் ஒருவர் வேண்டும் என்றேன். எல்லாருடைய விரலும் அருமைப் பக்கம் நீண்டது. அவர் இடது கையால் ஒரே ஒரு சைகை செய்தார். 'டீ.' எழுந்து போய்விட்டார். அவர் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

ஏன் அவர் பெயரைச் சொன்னீர்கள், அவர் பைக்கில் இருந்து விழுந்ததற்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாரையும் பிடித்துத் திட்டினேன். எல்லாரும் கீழே பார்த்தார்கள். எங்களில் ஒருவர் கீழே பார்த்துவிட்டால் அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

ஐந்தாம் பேச்சாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று போட்டுவிட்டேன்.

மார்ச் 9

லீலாவோடு சண்டை. நான் கையால் பேச, அவள் குரலில் சொல்லிப் பழக வேண்டும் என்று உட்கார்ந்தோம். கண்ணாடியை எதிரே வைத்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் 'எனக்குக் கோபம் வருகிறது' என்கிறேன், இவள் 'அவங்களுக்குக் கோபம் வருதாம்' என்கிறாள். மூன்று தடவை நிறுத்தினேன்.

நான் பேசினால் நான்தான் பேச வேண்டும். குரல் கொடுக்கிறவர் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எங்கள் வழக்கம் இது, உலகம் முழுக்க இதுதான். 'அவங்க சொல்லுறாங்க' என்று ஆரம்பித்தால் நான் சபையில் இல்லாத ஆளாகிவிடுகிறேன்.

"நான் நான்னு சொன்னா எனக்கே கோவம் வார மாதிரி இருக்குக்கா. சங்கடமா இருக்கு."

வரட்டும் என்றேன். இரண்டு பேருக்கும் வரட்டும்.

மார்ச் 17

அனுப்பியாயிற்று. கடைசி நாள் என்று உலகமே ஒரே நேரத்தில் அனுப்பியிருக்கும் போல, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுகிற அந்த வட்டத்தைப் பார்த்தாலே எனக்கு அக்டோபர் ஞாபகம் வருகிறது. அனுப்பிவிட்டுப் புளிக்குழம்பு வைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பதில் வந்துவிட்டது. எங்கள் விண்ணப்பம் 'மிகவும் மனதைத் தொட்டதாம்'. ஆனால் இதே பொருளில் டில்லியில் இருந்து ஒரு பெரிய அமைப்பும் விண்ணப்பித்திருக்கிறது, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள் என்கிறார்கள். இருபத்திரண்டாம் தேதி எல்லாரோடும் இணையத்தில் ஒரு கூட்டம், அதற்குப் பிறகு முடிவாம்.

சாயங்காலமே டில்லியில் இருந்து நந்திதா மேடம் வீடியோவில் வந்தார். அந்த அமைப்பின் தலைவி. நல்ல மனுஷிதான், அதைச் சொல்லிவிட வேண்டும். லீலா பேசுகிற வேகத்துக்குக் காத்திருந்தார், என் முகத்தைப் பார்த்தே பேசினார். என் கதை மிகவும் முக்கியமானது என்றார். அதை மூன்று நிமிஷ வீடியோவாக எடுத்து மேடையில் போடுவார்களாம், அதன் பிறகு அவர்கள் விளக்கம் சொல்வார்களாம். தலைப்பை மட்டும் 'எல்லாரையும் இணைக்கும் இணையம்' என்று மாற்றிக்கொள்ளலாமாம். எனக்கும் லீலாவுக்கும் டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

லீலாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "யக்கா, நீ சொல்லுதது எல்லாம் நியாயந்தாம். ஆனா தனியா நின்னா ஒண்ணும் கிடைக்காது. இவங்ககூடப் போனாலாவது மூணு நிமிசம் நம்ம முகம் தெரியும்லா. வேண்டாம்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்து யாருட்டப் பேசப் போற?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு எரிச்சல். அருமையிடம் கேட்டேன். மரச் சீப்பு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார், இடது கையால். நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்டார். அந்த மூன்று நிமிஷம் முடிந்த பிறகு அவர்கள் பேசும்போது நீ எங்கே இருப்பாய்?

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

முடியாது என்று எழுதிவிட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 5

சரியாகத்தான் செய்தேன். சரியாகத்தான் செய்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். ஓலையைக் கையில் பிடித்து ஊர்வலம் போனபோது அருமை இடது கையில் பிடித்திருந்தார்.

அந்த அக்டோபர் வாரத்தை இதுவரை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கூட்டத்தில் கேட்டால் சொல்ல வேண்டுமே, எழுதிப் பார்க்கிறேன்.

புதன்கிழமை. கதவுக்கு மரம் பார்க்க வேண்டும் என்று அருமை காலையில் போனார். மத்தியானத்துக்கு மேல் என் போன் மேஜையில் அதிர்ந்தது. தெரியாத எண். மறுபடி அதே எண். மறுபடியும். கேட்கிறவர் யாராவது இருந்தால் எடுத்துக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். லீலா வீடு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டை அடைத்துவிட்டார்கள். என் காதில் வைத்து என்ன செய்ய? போன் மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி மேஜையில் வைத்தேன். அருமைக்கு வீடியோ போட்டேன். வட்டம் சுற்றியது. குறுஞ்செய்தி போகவில்லை. மறுநாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை சங்கத்துப் பையன்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடந்து தேடிக் கண்டுபிடித்தார்கள். அதிர்ந்தது ஆஸ்பத்திரி எண். மனைவி வந்து கையெழுத்துப் போட வேண்டும், விரலுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். உடனே செய்திருந்தால் மடங்கியிருக்கும் என்றார் டாக்டர்.

நான் போனபோது அருமை என்னைப் பார்த்து முதலில் சொன்னது, யார் கேட்டாலும் பைக் என்று சொல். சொன்னேன். லீலாவிடமும் சொன்னேன். இதிலும் பைக் என்றே எழுதிவருகிறேன்.

பைக் அந்த வாரம் முழுக்க வாசலில்தான் நின்றது. டயரில் காற்று இல்லை.

ஏப்ரல் 21

நாளைக்குக் கூட்டம். நீலப் புடவை. கைக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி நாற்காலியைப் போட்டாயிற்று, காலண்டரை எடுத்துவிட்டேன். எங்கள் கைக்குப் பின்னால் பூப்போட்ட சுவர் இருந்தால் பார்க்கிறவர் கண் வலிக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எதையாவது விட்டுவிடுவேன்.

மத்தியானம் கூட்டம் ஆரம்பித்தது. நடத்தியவர் மாநாட்டு அலுவலகத்து இங்க்ரித் என்கிற அம்மாள். நந்திதா மேடம் இருந்தார். வாஞ்சிரு இருந்தாள், நான் கையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். லீலா என் பக்கத்தில். அருமை கதவோரம் ஸ்டூலில், படத்துக்கு வெளியே.

நான் பேச ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை. லீலாவின் முகம் மாறியது. இணைப்பு பலவீனமாக இருக்கிறதாம், எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள் என்று இங்க்ரித் சொல்கிறாராம்.

முடியாது என்று சொல் என்றேன். லீலா சொன்னாள். இங்க்ரித் மன்னிப்புக் கேட்டார், உங்கள் குரல் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது, அவர் பேசினால் எங்களுக்குக் கேட்கும், போதும் என்றார். அப்படியானால் வாஞ்சிரு? அவளுக்கு யார் கை தெரியும்? நான் கேட்டு முடிப்பதற்குள் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அங்கிருந்தே அணைத்துவிட்டார்கள். வாஞ்சிருவின் கை பாதியில் நின்றது, அப்புறம் அவள் பெயர் மட்டும். என் கட்டமும் கறுத்தது.

நந்திதா மேடம் பேசுகிறார் என்று லீலா சொன்னாள். எதைப் பற்றி என்று கேட்டேன்.

"நம்மளப் பத்தித்தாங்கா. நல்லாத்தாம் பேசுதாவ."

பேசுவார்கள். நான் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே இருந்தது. எனக்குள் ஏதோ ஒன்று சடாரென்று எழுந்தது. திரையின் ஓரத்தில் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிற இடம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல லீலா அடித்தாள், ஒரு சொல்லைக்கூட மாற்றவிடவில்லை.

'உங்கள் கூட்டத்தில் இருந்த காது கேளாதவர்கள் இருவரையும் இப்போது நீங்கள் அணைத்துவிட்டீர்கள். எங்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. குரல் அழைப்புகள் வழக்கம்போல் இயங்குகின்றன. எங்கள் வொர்க்‌ஷாப் இதுதான். இப்போது நடந்துகொண்டிருக்கிறது.'

"மேடம் பேச்ச நிறுத்திட்டாவக்கா," என்றாள் லீலா.

அப்புறம் என் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்து வாஞ்சிரு வந்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். எங்கள் கைதட்டல் அது. மற்றவர்கள் கேமராவை அணைத்தே வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு படத்துக்கு வழி விட்டார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நான் தொடர்ந்து பேசக் கையைத் தூக்கினேன். தோளில் ஒரு தட்டு. அருமை. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு, படத்துக்கு நடுவில் உட்கார்ந்தார். வலது கையைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து மடிமேல் வைத்தார். இடது கையால் பேச ஆரம்பித்தார்.

லீலா 'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பிப்பதை உதட்டில் பார்த்தேன். நான் முறைப்பதற்கு முன்பே அவளே நிறுத்திக்கொண்டாள். ஆங்கிலத்தில் 'நான்' என்று திருத்தினாள்.

நான் அருமைநாயகம். தச்சன். அன்றைக்கு மரக்கடைக்கு நடந்து போனேன். தெருவில் தடை போட்டிருந்தது எனக்குத் தெரியாது, வீடியோ வேலை செய்யாததால் எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. போலீஸ்காரர்கள் பின்னால் இருந்து நில் என்று கத்தியிருப்பார்கள். நான் நடந்தேன். முதல் அடி முதுகில் விழுந்தது. திரும்பினேன். எனக்குக் கேட்காது என்று காட்டுவதற்காக, காதைத் தொடக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையில் அடித்தார்கள்.

லீலாவின் வாய் அங்கே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பைக் என்றுதானே இத்தனை மாதம் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அருமை அவளுக்காகக் காத்திருந்தார். பிறகு அதே சைகையை, கையைத் தூக்குவதை, இன்னும் ஒரு தடவை மெதுவாகக் காட்டினார். லீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னாள். 'என் கையில் அடித்தார்கள்.' அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பாள்.

கடைசிவரை ஒரு இடத்தில்கூட அவள் 'அவர்' என்று சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் லீலா அருமையிடம் போனாள். "அத்தான், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா," என்று வாயால் மட்டும் சொன்னாள், கை வரவில்லை அவளுக்கு. அருமைக்குப் புரிந்தது. அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது. இரண்டையும் வரவிட்டேன். ராத்திரிக்குத் தோசை.

ஏப்ரல் 23

நந்திதா மேடம் எழுதியிருந்தார். அவர்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்களாம். அந்த நேரத்தில் தான் பேசிக்கொண்டிருந்திருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். நன்றி என்று எழுதினேன். மனசார எழுதினேன்.

அருமை இன்று யாரும் சொல்லாமலே ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மே 14, புதன்

கிடைத்துவிட்டது! எங்கள் பெயரிலேயே, முழு ஒரு மணி நேரம். போக்குவரத்துக்கும் அவர்களே உதவுவார்களாம். ஐந்தாம் பேச்சாளர் இடத்தில் அருமை தன் பெயரைத் தானே அடித்தார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு பத்தி. தலைப்பு கொஞ்சம் கடுமையாக இருப்பதாகச் சில நாட்டுப் பிரதிநிதிகள் நினைக்கக்கூடும், நல்லெண்ணம் தெரிகிற மாதிரி மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதைப் பேச இன்று சாயங்காலம் அலுவலகத்தில் இருந்து எங்களுக்குப் போன் செய்வார்களாம்.

போன்.

சாயங்காலம் நானும் அருமையும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். போன் அதிர்ந்தது. வெளிநாட்டு எண், பச்சை வட்டம், சிவப்பு வட்டம். கீரைக்குவியலை இடித்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தது. அருமை என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். விழப்போகிற இடத்தில் உள்ளங்கையை நீட்டினார். அது அவர் கையில் விழுந்து, அங்கேயும் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை ஒரு வண்டைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி காதருகே கொண்டுபோய், 'ஹலோ, ஹலோ' என்று கேட்கிறவர்கள் செய்கிற முகத்தைச் செய்து காட்டினார். ஏழு மாதம் கழித்து ஒரு கதை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிர்வு நின்றது.

அவர்களுக்குப் பதில் அடித்தேன்.

'குரல் அழைப்புகள் எங்களுக்கு வழக்கம்போலவும் இயங்காது, வேறு எப்படியும் இயங்காது. பேச வேண்டுமென்றால் கேமராவோடு வாருங்கள். தலைப்பு மாறாது.'

அனுப்பட்டுமா என்று கேட்டேன். அருமை வலது கையை நீட்டி, மடங்காத அந்தச் சுட்டு விரலால் அழுத்தினார்.